எத்தனை நாள் வைத்திருக்கலாம்

ஷாங்காய்
1981 அக்டோபர் 6

அன்புள்ள சூவென்,

முகம் பார்த்துப் பேச வழியில்லாததால் எழுத்தில் வந்து நிற்கிறேன். நீயும் ஆலானும் நலமா? அவளுக்குச் சளி விட்டதா? படகில் கூட்டம். உட்கார்ந்தபடியே தூங்கி வந்து சேர்ந்தேன். பதிப்பகத்தின் விடுதியில் எனக்கு ஒரு கட்டில் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாடு சுமார்; எல்லாவற்றிலும் சர்க்கரை போடுகிறார்கள்.

வேலையைச் சொல்கிறேன். ஆங்கிலம் படிக்கும் நம் ஆட்கள் எந்தெந்த வினைச்சொல்லில் வழுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து, சொல்லுக்கு ஒரு சிறு கையேடு போடுகிறார்கள். எனக்கு வந்தது 'கீப்'. சின்னச் சொல்தானே என்று நினைத்தேன். நாம் வாக்கைக் காப்பாற்றுகிறோம், கோழி வளர்க்கிறோம், கடை நடத்துகிறோம், நாட்குறிப்பு எழுதுகிறோம், ஒருவரைக் காக்க வைக்கிறோம். இவற்றுக்கெல்லாம் இங்கிலீஷ்காரனுக்கு இந்த ஒரே சொல் போதும். மாணவர்களோ 'வைத்திரு' என்ற ஒரு பொருளை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, "அவர் கோழி வெச்சிருக்கார்னா கையிலயா சார் வெச்சிருக்கார்?" என்று கேட்கிறார்கள்.

அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வேண்டும். நிங்போவிலிருந்து வந்த தாவ் நிங் என்ற ஆசிரியையும் நானும் எழுதுகிறோம். நீ வானொலியில் ஆங்கிலம் படிக்கிறாய் அல்லவா? உனக்குப் புரிந்தால் நாட்டில் எல்லோருக்கும் புரியும் என்று இங்கே சொல்லிவிட்டேன். முதல் தாளை இத்துடன் அனுப்புகிறேன். படித்து நம் மொழியில் பொருள் எழுதி அனுப்பு.

குளிர் தொடங்குகிறது. இருவரும் கதகதப்பாக இருங்கள்.

ருய்லின்


வூஹூ
1981 அக்டோபர் 14

அன்புள்ள ருய்லின்,

கடிதம் வந்தது, நீ வந்த மாதிரி இருந்தது. ஆலானுக்குச் சளி விட்டுவிட்டது, இப்போது எனக்கு. பயப்படாதே. நிலக்கரி வில்லைகளைக் குளிர்காலத்துக்கு வாங்கி அடுக்கிவிட்டேன்.

உன் தாளைத் தொழிற்சாலைக்கே எடுத்துப் போனேன். நாள் முழுக்க பிளாஸ்கை ஒவ்வொன்றாகக் காதில் வைத்து, இரைகிறதா என்று கேட்கிற வேலை. நடுவில் ஒரு வாக்கியம் படித்தால் அலுப்புத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஹூ மாமி விடுவாளா? "என்னடி சூவென், புருஷன் ஷாங்காய்ல இருக்கான், நீ அவனோட வாக்கியத்தோட குடித்தனம் பண்றியா?" என்றாள். "வாக்கியம் குறட்டை விடாது மாமி" என்றேன்.

பொருளெல்லாம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எல்லாம் புரிந்தது. ஒரு சந்தேகம் மட்டும். 'அவள் குளிரிலும் சன்னலைத் திறந்தே வைத்திருக்கிறாள்' என்று எழுதியிருக்கிறாயே, யார் அந்தப் புண்ணியவதி? அறையில் மற்றவர்கள் விறைத்துப் போகமாட்டார்களா?

கழுத்துத் துணியைச் சுற்றிக்கொள்.

சூவென்


ஷாங்காய்
1981 நவம்பர் 3

அன்புள்ள சூவென்,

உன் சளி குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம். அதுவும் இப்போதுதான் நன்றாக ஓடுகிறது.

உன் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் வருகிற 'அவள்' யாரும் இல்லை. எந்த மாணவனும் எந்தப் பெண்ணையும் நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இதில் கடினமான பயன்பாடுகள் இருக்கின்றன. ஒருவரை ஒன்றைச் செய்யவிடாமல் தடுப்பதற்கும் இதே சொல்தான். 'மழை அவளை வரவிடவில்லை', 'இருமல் அவளை இரவெல்லாம் தூங்கவிடவில்லை' என்பதெல்லாம் அந்த வகை. தாவ் நிங்கின் வாக்கியங்களும் கலந்திருக்கின்றன. கவனமாகப் படி.

ஆலானிடம் அப்பா பால் மிட்டாய் கொண்டுவருவேன் என்று சொல்.

ருய்லின்


வூஹூ
1981 நவம்பர் 10

அன்புள்ள ருய்லின்,

நலம். நலமா? இங்கே இலை உதிர்ந்து முடிந்தது.

இரண்டாம் தாளும் புரிந்தது. அந்தப் பெண்ணுக்கு இருமல் வராமல் என்ன செய்யும், குளிரில் சன்னலைத் திறந்து வைத்தால்? ஆனால் இருமல் இரவெல்லாம் தூங்கவிடவில்லை என்பது வாக்கியம் எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது? இலக்கணச் சந்தேகம்தான், வேறொன்றுமில்லை.

தொழிற்சாலை நூலகத்தில் பழைய அகராதி ஒன்று இருக்கிறது. அதில் 'கீப்' என்ற சொல்லுக்குக் கடைசியாக, சின்ன எழுத்தில் ஒரு பொருள் போட்டிருக்கிறான். ஆண் ஒருவன் மனைவியல்லாத பெண்ணை வைத்துக்கொள்வதற்கும் இதேதானாம். உங்கள் கையேட்டில் அதைச் சேர்ப்பீர்களா? எடுத்துக்காட்டு யார் எழுதுவார்கள்?

இன்னொன்று. எந்த வாக்கியம் உன்னுடையது, எது தாவ் நிங்குடையது என்று குறித்து அனுப்பு. நடை வேறுபடுகிறதா என்று பார்க்க ஆசை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சூவென்


ஷாங்காய்
1981 நவம்பர் 20

அன்புள்ள சூவென்,

இருவரும் நலம்தானே? உன் கடிதம் எப்போதும் போல எங்கள் அறைக்கே வெளிச்சம்.

அந்தக் கடைசிப் பொருளைக் குழுத் தலைவர் நீக்கச் சொல்லிவிட்டார். "பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது எதுக்கு, வளர்ந்து அவங்களே தெரிஞ்சுக்கட்டும்" என்றார். இருமலைப் பற்றி: காலையில் தேநீர் வாங்கும்போது அவரே சொன்னார், தாவ் நிங். அதில் என்ன?

நடையைக் கவனிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே பெருமையாக இருக்கிறது. தனித்தனியாகக் குறிக்கத் தேவையே இல்லை. தொடக்கத்திலேயே பிரித்துக்கொண்டோம். 'அவள்' வருபவை என்னுடையவை. 'அவர்' வருபவை தாவ் நிங்குடையவை. எதிரெதிர் மேசை, முடிந்ததும் மாற்றிப் படித்துத் திருத்துவோம்.

உறைபனி விழுகிறதாமே அங்கே. தண்ணீர்க் குழாயில் துணி சுற்று.

ருய்லின்


வூஹூ
1981 நவம்பர் 25

அன்புள்ள அக்கா,

நான்ஜிங்கில் நீயும் அத்தானும் சுகமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

ருய்லின் அனுப்பிய தாள்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? 'அவள்' வருகிற வாக்கியங்களை அவர் எழுதுகிறார். சன்னலைத் திறந்து வைப்பவள், தலைமுடியில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதையே தேடுபவள், மழை பெய்த அன்று வராதவள். எல்லாம் எதிர் மேசைக்காரி தாவ் நிங். இது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. தூக்கம்தான் போயிற்று, வேறொன்றும் ஆகவில்லை. ஆண்கள் பார்ப்பதுதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் 'அவர்' வருகிற வாக்கியங்களை இவர்தான் எழுதினார் என்று நினைத்திருந்தேன். அவற்றை எழுதியவள் அவள், அக்கா. 'அவர் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிவிட்டுத் தனக்கு வெறும் வெந்நீரை வைத்துக்கொள்வார்.' 'அவர் ஆரஞ்சுத் தோலைச் சட்டைப் பையில் வாசனைக்காக வைத்திருப்பார்.' அந்தத் தோலை நான் துவைக்கும்போதெல்லாம் திட்டிக்கொண்டே எடுத்து எறிவேன். வாசனைக்காக என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

இன்னொரு வாக்கியம். 'பிறர் பேசும்போது அவர் தலையைச் சற்று வலப்பக்கம் திருப்பியே வைத்திருப்பார்.' அவருக்கு வலது காது சரியாகக் கேட்காது. சின்ன வயசுக் காய்ச்சலில் போனது. இங்கிலீஷ் வாத்தியாருக்குக் காது மந்தம் என்று தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அது. அவள் காரணம் தெரியாமலே அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அக்கா, இருவருக்கும் நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. அது உறுதி. ஏதாவது இருந்தால் இவர் இப்படி வெகுளியாகத் தாளை எனக்கே அனுப்புவாரா? தங்களுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அவர்கள் இருவருக்குமே தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிகிறது. "ஏன் அவளைப் பார்க்கிறாய்" என்று நான் கேட்டால், "அட, ஆமாம், பார்க்கிறேனே" என்று அவருக்கு உறைக்கும். நானே சொல்லிக் கொடுத்தது போல ஆகிவிடும். கேட்காவிட்டால் அது பாட்டுக்கு வளரும். என்ன செய்யட்டும்?

உன் சூவென்


நான்ஜிங்
1981 நவம்பர் 30

சூவென்,

நாங்க நல்லாத்தான் இருக்கோம். முழங்கால் கிடக்கட்டும், உன் கதையைப் படிச்சதுல அதுகூட மறந்துபோச்சு.

அடியே, உனக்கு மூளை இருக்கா? இங்க ரயில்வே கேன்டீன்ல ஆயிரம் புருஷன் பொண்டாட்டியப் பாத்திருக்கேன். கையப் பிடிச்சா சண்டை போடுவா, கண்ணால பாத்தா சண்டை போடுவா. வாக்கியம் எழுதினதுக்கு அழுதவ நீ ஒருத்திதான். ஆனா படிக்கப் படிக்க எனக்கும் வயிறு எரிஞ்சது. உன் அத்தான்கிட்ட "நான் எந்தக் கையால சாப்பிடறேன்னு தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டேன். "ஏன், சாப்பாடு ஆறிப்போச்சா?"ங்கறாரு.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, படகேறிப் போ. அவ மேசைக்கு முன்னால நின்னு, "நான்தான் ருய்லினோட பொண்டாட்டி, உங்க சன்னலைச் சாத்த வந்தேன்"னு சொல்லு. ரெண்டு, அந்தக் குழுத் தலைவருக்கு ஒரு கடுதாசி. பேர் போட வேண்டாம். கல்யாணமானவனோட ஒரு பொண்ணு இப்படிப் பழகறான்னு ரெண்டு வரி போதும், மறுநாளே அவளைப் பொட்டியோட ஊருக்கு அனுப்பிடுவாங்க. பொறவு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் நல்ல பேர் எடுக்க முடியாது. உனக்குக் கை நடுங்கினா சொல்லு, நான் எழுதறேன்.

வேளைக்குச் சாப்பிடு. இளைச்சுப் போய் நின்னா எவனும் திரும்பிப் பாக்கமாட்டான்.

அக்கா


வூஹூ
1981 டிசம்பர் 12

மதிப்பிற்குரிய ஆசிரியை தாவ் நிங் அவர்களுக்கு,

வணக்கம். நாம் சந்தித்ததில்லை. நான் ருய்லினின் மனைவி. உங்கள் இருமல் குறைந்திருக்கும் என நம்புகிறேன். பேரிக்காயைக் கற்கண்டுடன் வேகவைத்துச் சாப்பிட்டால் கேட்கும்.

உங்கள் கையேட்டை முதலில் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உங்கள் வாக்கியங்கள் மிக நன்றாக இருக்கின்றன. ஒருவரைக் கூர்ந்து பார்க்காமல் அப்படி எழுத முடியாது. எனக்கு ஒரு சந்தேகம். வானொலி ஆசிரியர் சொன்னது சரியாகப் புரியவில்லை. ஆங்கிலத்தில், பிறருடைய பொருளை 'இரண்டு வாரம் இரவல் வாங்கினேன்' என்று சொல்லக் கூடாதாமே. அதற்கும் 'கீப்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். அப்படியானால், பிறருக்குச் சொந்தமான ஒன்றை ஒருவர் எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

ருய்லினைக் கேட்டிருக்கலாம். ஆனால் இது உங்கள் பகுதி என்று தோன்றியது.

குளிரில் கவனமாக இருங்கள்.

கோங் சூவென்


ஷாங்காய்
1981 டிசம்பர் 27

அண்ணி,

இப்படித்தான் அழைக்கப் போகிறேன். வேறு எப்படி அழைத்தாலும் நான் எதையோ மறைப்பது போல இருக்கும். நீங்களும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். பேரிக்காய் சாப்பிட்டேன், இருமல் குறைந்தது. அதற்காக உங்கள் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது.

உங்கள் சந்தேகத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். இரவல் வாங்குவது ஒரு நொடியில் முடிந்துவிடும் செயல்; அதற்கு நீளம் கிடையாது. கையில் வைத்திருப்பதற்குத்தான் நீளம் உண்டு. அதனால் நாள் கணக்குச் சொல்லும்போது 'கீப்'. எத்தனை நாள் என்பதைச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். வைத்திருப்பவர் கேட்கலாம், தீர்மானிக்க முடியாது.

நான் கேட்கவில்லை, அண்ணி. கேட்கும்படி எதையும் எடுக்கவும் இல்லை. ஆசிரியர் ருய்லின் என்னிடம் வினைச்சொல்லைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. உங்கள் கடிதம் வரும் நாட்களில் மதியச் சாப்பாட்டின்போது எல்லோருக்கும் படித்துக் காட்டுவார். குறட்டை விடாத வாக்கியம் பற்றிப் படித்தபோது அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், கடைசியாக. அந்த நாட்களில் பிற்பகல் எனக்கு வேலையே ஓடாது. யாரோ முகம் தெரியாத ஒரு பெண் பிளாஸ்கைக் காதில் வைத்துக்கொண்டே ஒருவரை இப்படிச் சிரிக்க வைக்கிறாள் என்பது தாங்கவில்லை. ஆம், அது பொறாமைதான். என் வாக்கியங்களை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தேடித் தேடி எழுதினேன்.

உங்கள் கடிதம் வரும் வரை அவருடைய 'அவள்' வாக்கியங்களை நான் எடுத்துக்காட்டாகத்தான் படித்தேன். நேற்று எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். இனி அவற்றை எடுத்துக்காட்டாகப் படிக்க என்னால் முடியாது. நீங்கள் கேட்காமலே இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. இதற்கு உங்களுக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியவில்லை.

மாதக் கடைசியில் நிங்போவுக்குத் திரும்புகிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் ருய்லினுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

வசந்தம் உங்கள் வீட்டுக்கு நல்லபடி வரட்டும்.

தாவ் நிங்


ஷாங்காய்
1982 ஜனவரி 9

அன்புள்ள சூவென்,

நலமா? நவம்பருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கோபமா, வேலையா? ஆலானுக்கு ஒன்றுமில்லையே?

இங்கே பெரிதாக எதுவும் இல்லை. கையேடு அச்சுக்குப் போய்விட்டது. தாவ் நிங் ஊருக்குத் திரும்பிவிட்டார், தாயாருக்கு உடல்நலமில்லையாம். போவதற்கு முன் தன் வாக்கியங்களில் பாதியை அவரே அடித்துவிட்டார். அடித்தவைதான் நல்ல வாக்கியங்கள். ஏன் என்று கேட்டேன். "ரொம்ப நீளமா இருக்கு" என்றார். ஒன்றுகூட நீளமில்லை.

எனக்கு அடுத்த வினைச்சொல் கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு வாக்கியம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. களைப்பாக இருக்கும்.

இம்மாதக் கடைசியில் வரும் நம் சந்திரப் புத்தாண்டுக்கு நான்கு நாள் முன்பு படகேறுகிறேன். மிட்டாய் வாங்கிவிட்டேன். உனக்குச் சாம்பல் நிறத்தில் கம்பளி நூல்.

ருய்லின்


வூஹூ
1982 பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு நல்லபடியாகப் போனதா? உன் முழங்காலுக்கு மிளகாய்ப் பிளாஸ்திரி அனுப்பியிருக்கிறேன். ஒட்டி எரிந்தால் உடனே பிய்த்துவிடு. ஆலான் உயரமாகிவிட்டாள். நாங்கள் எல்லோரும் சுகம்.

தாவ் நிங் எழுதியதை உனக்குச் சொன்னேன். அண்ணியாம்! எந்த அண்ணனைக் கட்டியதால் நான் அவளுக்கு அண்ணி? இருந்தாலும், நீ சொன்ன மொட்டைக் கடுதாசியை எழுதாமல் விட்டேனே என்று அந்தக் கடிதத்தைப் படித்த அன்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். அவள் தானாகவே போய்விட்டாள். அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

அவர் வந்தார். நன்றாகத்தான் இருந்தார். ஆலானைத் தோளில் தூக்கிக்கொண்டு விளக்குத் திருவிழாவுக்குப் போனார். அடுப்புக் குழாயைச் சரிசெய்தார். ஹூ மாமிகூட, "என்னடி, ஷாங்காய்ல தச்சு வெளுத்து அனுப்பின மாதிரி இருக்கான்" என்றாள். நான் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அக்கா. தேநீர் ஊற்றும்போது, செருப்பைக் கழற்றும்போது. புதிதாக ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வெறி. அவருக்கே சங்கடமாகி, "என் முகத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

முந்தாநாள் ராத்திரி மீன் சமைத்திருந்தேன். சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"மார்ச்சுல மறுபடி கூப்பிடறாங்க. ரெண்டாவது புத்தகம். பழைய குழுவே வேணுமாம். நிங்போவுக்கும் தந்தி போயிருக்கு."

"போகாதே" என்றேன்.

"ஏன்? ஆலானைத் தனியாப் பாத்துக்கறது கஷ்டமா இருக்கா?"

"இல்லை."

"பின்னே?"

எத்தனை வாரமாக இலக்கணம் பேசி ஒளித்து வைத்தேனோ, எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"எனக்குப் பொறாமையா இருக்கு."

"பொறாமையா? யார் மேல?"

"தாவ் நிங் மேல."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், அக்கா. சத்தியமாக அதைத்தான் எதிர்பார்த்தேன். "பைத்தியமா உனக்கு? அவ வாக்கியம் எழுத வந்தவ" என்று வாய்விட்டுச் சிரிப்பார், நானும் கொஞ்சம் அழுதுவிட்டுச் சிரிப்பேன், மீன் ஆறிப்போகும், அவ்வளவுதான் என்று.

சிரிக்கவில்லை. உணவுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார். என்னைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது. அதை நான் உட்கார்ந்து பார்த்தேன். ஆலான், "அப்பா, முள்ளு" என்றாள். முள்ளை எடுத்து அவளுக்கு ஊட்டினார். எல்லாக் கிண்ணங்களையும் அவரே கழுவினார்.

நேற்றுக் காலை பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி என்னிடம் நீட்டினார். வர இயலாது, பள்ளியில் வேலை அதிகம் என்று நான்கே வரி. "போற வழியில போட்டுடு" என்றார். நான் போட்டேன்.

நீ என்ன எழுதுவாய் என்று தெரியும். "ஜெயிச்சிட்டேடி, இனி வாயை மூடிட்டுக் குடித்தனம் பண்ணு" என்பாய். பண்ணுகிறேன். அவர் எங்கும் போகமாட்டார். இனி எனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார்.

ஆனால் அக்கா, அன்று அவர் சிரித்திருந்தால், நானே பெட்டி கட்டிக் கொடுத்துப் படகேற்றி அனுப்பியிருப்பேன்.

சூவென்